இறங்கலாம் என்று சொல்ல வேண்டியவன்

1965 ஜூன் 8, செவ்வாய்

இன்று எனக்குப் புதுப் பதவி. கிடைத்த காரணத்தை வெளியில் சொல்ல வெட்கம், ஆனபடியால் இங்கே எழுதுகிறேன். நான் பயந்தாங்கொள்ளி என்பதால் கிடைத்தது.

லாபிர் முதலாளியின் ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலைதான் இவ்வளவு காலமும் பார்த்தேன். கயிறு, வாளி, சுரண்டுகிற தகடு, சாக்கு. போன டிசம்பர்ச் சூறாவளிக்குப் பிறகு முதலாளிக்குத் துறைமுகத்தில் வேலை குவிந்துவிட்டது. காற்று கரையில் தூக்கிப் போட்ட எண்ணெய்ப் பார்ஜுகளை இழுத்து மிதக்க விட்டிருக்கிறார்கள். தட்டையான இரும்புப் படகுகள். வயிற்றுக்குள் பெற்றோல் தாங்கிகள். ஆட்கள் அந்தத் தாங்கிக்குள் இறங்கி அடியில் படிந்த கசட்டை வாளியில் அள்ளி, துருவைச் சுரண்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் ஓட்டைகளுக்கு வெல்டிங் பிடிக்கலாம்.

ஏப்ரலில் வேறொரு ஒப்பந்தக்காரரின் பார்ஜில் ஒருவன் இறங்கி விழுந்தான். அவனைத் தூக்கப் போனவனும் விழுந்தான். இரண்டு பேரையும் பிணமாகத்தான் எடுத்தார்கள். அதனால் அரசாங்கத் தொழிற் கந்தோர் விழித்துக்கொண்டது. இன்று ஒரு பரிசோதகர் ஐயா வந்து முதலாளியிடம் கண்டிப்பாகச் சொன்னார்: "இனிப் பொறுப்பாள் ஒருத்தர் இல்லாமல் தாங்கிக்குள்ள ஆளை விடக்கூடாது. அவர் காத்தைப் பரிசோதிச்சு 'இறங்கலாம்' எண்டு சொல்ல வேணும். குடிக்காத ஆள், நிண்ட இடத்தை விட்டு அசையாத ஆள், கொஞ்சம் பயந்த சுபாவம் உள்ள ஆளா இருந்தால் நல்லது."

முதலாளி வெடிச்சிரிப்புச் சிரித்தார். "பயந்த ஆளோ? அப்ப எங்கட இக்னேசு இரிக்கிறான். சூறாவளிக்குக் கட்டிலுக்குக் கீழ பூந்தவன், கிறிஸ்மஸுக்குத்தான் வெளிய வந்தவன்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது?

வீட்டில் பெண்சாதி மாகிரட்டிடம் சொன்னேன். "கரப்பானுக்குக் கதிரையில ஏறுற மனுசனிட்டயோ ஆக்களின்ர உயிரைக் குடுத்திருக்கினம்?" என்று கேட்டாள். அவளும் சிரித்தாள். பிறகு குசினிக்குள் போய் வெறும் சட்டியை அடுப்பில் வைத்தாள்.

ஜூன் 9

நித்திரை இல்லை. 'இறங்கலாம்.' ஒரே ஒரு சொல். அதை நான் சொல்லி, அவன் இறங்கி, பிறகு அவன் ஏறி வராவிட்டால்?

ஜூன் 11, வெள்ளி

கந்தோரில் பழக்கினார்கள். பரிசோதகர் ஐயா பொறுமைசாலி. நான் ஒன்றையே நாலு தரம் கேட்டாலும் நாலு தரமும் சொன்னார்.

ஜெனீவா என்று ஒரு ஊராம். வருசா வருசம் ஜூன் மாதம் எல்லா நாட்டு அரசாங்கமும் முதலாளிமாரும் தொழிலாளிகளும் அங்கே கூடி, வேலை செய்கிறவன் சாகாமல் வீட்டுக்குப் போக என்ன செய்யலாம் என்று பேசுவார்களாம். "இப்பவும் கதைச்சுக்கொண்டுதான் இருப்பினம்" என்றார். எனக்குக் கொஞ்சம் தென்பு வந்தது. மாகிரட்டிடம் சொல்ல, "அங்க இருக்கிறவைக்கு எங்கட கொட்டியாரக் குடா எந்தப் பக்கம் எண்டாவது தெரியுமோ?" என்றாள். அவள் வாய்க்கு ஜெனீவா தாங்காது.

ஐயா ஒரு விளக்குத் தந்தார். பித்தளை உடம்பு, கண்ணாடி, அதற்கு மேலே நெருக்கமான கம்பி வலை. உள்ளே சின்னச் சுடர். கயிற்றில் கட்டித் தாங்கிக்குள் விடவேண்டும். அணைந்தால் உள்ளே மூச்சுவிடக் காற்று இல்லை. சுடரின் தலையில் நீலத் தொப்பி எழும்பினால் எண்ணெய் ஆவி இருக்கிறது. இரண்டுமில்லாமல் ஒழுங்காக எரிந்தால்தான் இறங்கலாம். சுடர் வலைக்குள்ளேயே அடங்கிவிடும், வெளியிலுள்ள ஆவியைப் பற்றவைக்காது. "அந்த வலைதான் உயிர்" என்றார்.

இன்னொரு விதியும் சொன்னார். தாங்கியின் வாயில் காவலுக்கு நிற்கிறவன் ஒருக்காலும் உள்ளே இறங்கக்கூடாது. என்ன நடந்தாலும் மேலே நின்று கயிற்றை இழுக்கவேண்டும், ஆளைக் கூப்பிடவேண்டும். என் ஆயுளில் எனக்குப் பிடித்த முதல் சட்டம் இது.

ஜூன் 14, திங்கள்

முதல் நாள்.

இறங்குகிறவர்கள் கிண்ணியாவிலிருந்து காலையில் பாதை என்கிற மிதவைப் படகில் கடந்து வருகிற ஆட்கள். தலைவர் ஆதம்பாவா காக்கா. காக்கா என்றால் அவர்களுக்கு அண்ணன். ஐம்பது வயதிருக்கும், கை ஒவ்வொன்றும் வள்ளத் துடுப்பு மாதிரி. கிணறு வெட்டுகிறதும் இறைக்கிறதும்தான் அவருடைய தொழில். சூறாவளியில் கடல் ஏறி உப்பாய்ப்போன கிணறுகளைக் கிண்ணியாவில் பாதிக்கு மேல் அவர்தான் இறைத்துத் துப்புரவாக்கினார். கூட வருகிறவன் பாயிஸ், அவருடைய மருமகன். பகிடிக்காரன்.

ஜெனீவாச் சட்டம் என்று சொல்லி எல்லாருடைய பையையும் தடவிப் பார்த்தேன். பீடி, நெருப்புப் பெட்டி எல்லாவற்றையும் வாங்கிப் படகுத்துறை ஜெட்டியில் வைத்துவிட்டுத்தான் பார்ஜுக்குத் தோணி ஏற்றினேன். காக்காவுக்கு முகம் கறுத்துவிட்டது. "நான் என்ன கள்ளனா தம்பி?" என்றார். பாயிஸ் சும்மா இருப்பானா? "அண்ணன், எங்கட பையெல்லாம் நீங்க பாக்கிற. உங்கட பைய ஆரு பாக்கிற?"

"நான் இறங்கப் போறதில்லையே" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

பிறகு விளக்கை எடுத்தேன். வெயில் இரும்புத் தளத்தில் கொதிக்கிறது, எல்லாரும் என்னையே முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். இது என்ன கோயில் தூண்டாமணி விளக்கா என்று ஒருவன் கேட்டான். நான் என்ன சொல்லி விளங்கப்படுத்த? நல்லவேளை ஒரு யோசனை வந்தது. "காக்கா, பழங்கிணத்துக்குள்ள இறங்க முன்னம் நீங்க விளக்கு விட்டுப் பாப்பீங்கள்தானே? இதுவும் அதுபோலதான்" என்றேன்.

அவருடைய முகம் மலர்ந்தது. "அப்பிடிச் சொல்லன் தம்பி! விளக்கு நிண்டா இறங்கு, விளக்கு செத்தா நில்லு. எங்கட வாப்பா காலத்துச் சட்டம் இது. இதை ஜெனீவாக்காரன் இப்பதான் கண்டுபிடிச்சானாம்!"

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒருவரும் முறைக்கவில்லை. நான் சாக்கைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு தாங்கியின் வாயருகே குப்புறப் படுத்துச் சுடரைப் பார்த்தேன். நின்றது. நீலம் இல்லை. மாதாவே என்று நினைத்துக்கொண்டு 'இறங்கலாம்' என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டாந்தரம் சொன்னேன்.

அவர்கள் ஏறி வரும்வரை நான் எச்சில் விழுங்கவில்லை.

ஜூன் 15

இன்றும் எல்லாரும் ஏறி வந்தார்கள். ஸ்தோத்திரம்.

ஜூன் 22, செவ்வாய்

இரண்டாம் தாங்கியில் சுடருக்கு நீலத் தொப்பி. முதலில் கண் மயக்கம் என்று நினைத்தேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தானே. திரும்பவும் விட்டேன். நீலம்தான். 'இறங்க ஏலாது' என்று சொல்லிவிட்டேன்.

காற்றுப் பாய் கட்டினோம். கித்தானைக் குழாய்போல வாய்க்குள் தொங்கவிட்டு, தென்மேற்கிலிருந்து வருகிற கச்சான் காற்றை உள்ளே திருப்புகிற வேலை. காற்று நல்லாத்தான் அடித்தது. பின்னேரம் பார்த்தாலும் நீலம். நாளைக்கும் பார்க்கவேண்டும்.

முதலாளி ஜெட்டிக்கு வந்து கத்தினார். மாரி மழை பிறக்க முன்னம் எல்லாப் பார்ஜும் முடியவேண்டுமாம். "உன்ட பயத்துக்கு நான் சம்பளம் குடுக்கேலா இக்னேசு!" காக்காதான் எனக்காகப் பேசினார். "முதலாளி, விளக்கு வேணாமெண்டா வேணாம்தான். கிணத்துக்கிட்ட வம்பு கதைக்கேலா." முதலாளி அடங்கிப் போனார்.

எனக்கு அழுகை வந்தது. என்னுடைய பயத்தை ஒரு மனுசன் மதித்தது இதுதான் முதல் தரம்.

ஜூன் 29

மூன்றாம் தாங்கி. பாயிஸுக்கு உள்ளே தலை சுற்றி, இடுப்புக் கயிற்றை இரண்டு தரம் ஆட்டினான். மேலே இழுத்து எடுத்துவிட்டோம். காற்றுப் பாய் சுருண்டு வாய் அடைபட்டிருந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை. நான்! வேறு எதற்காக என்னை அங்கே நிறுத்தியிருக்கிறார்கள்?

அவன் தண்ணி குடித்துவிட்டு, "அண்ணன், நான் ஏறிட்டன், இப்ப நீங்க இருங்க" என்று எனக்குக் கதிரை போட்டான். அவனுடைய பெண்சாதி ஸல்ஹாவுக்கு இது ஏழாம் மாதம். காக்காவின் ஒரே மகள்.

ஜூலை 5

கடைவாய்ப் பல் குத்துகிறது. கிராம்பு வைத்தேன்.

ஜூலை 8

கிராம்பாவது மண்ணாங்கட்டியாவது. மாகிரட் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி ஒரே பிடி. பல் பிடுங்குகிற குறட்டைக் காட்டினாலே எனக்கு மயக்கம் வரும் என்று அவளுக்குத் தெரியும். "தாங்கிக்குள்ள ஆளை இறக்கிறவர் பல்லைப் பிடுங்கப் பயப்பிடுறார்" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரிச் சொல்கிறாள்.

ஜூலை 12, திங்கள்

கன்னம் வீங்கிவிட்டது. நாளைக்குப் பல் டொக்டரிடம் போகிறேன். முதலாளியிடமும் காக்காவிடமும் சொல்லிவிட்டேன். நாலாம் தாங்கி சனிக்கிழமையிலிருந்து மூடிக் கிடக்கிறது, நான் வந்துதான் திறக்கவேண்டும். விளக்கை ஸ்டோரில் வைத்துப் பூட்டித் திறப்பைக் கையோடு கொண்டுவந்துவிட்டேன். விளக்கு இல்லாவிட்டால் ஒருவரும் இறங்கமாட்டார்கள். இதிலாவது எனக்குப் பயமில்லை.

ஜூலை 14, புதன்

நேற்று எழுதவில்லை. எழுத ஏலாமல் இருந்தது. சுட்டது இடது கை, நல்ல காலம்.

ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

பல்லைப் பிடுங்கினார்கள். செத்தேன் என்று நினைத்தேன், சாகவில்லை. வாய் நிறையப் பஞ்சை அடைத்து, "கடிச்சுக்கொண்டு போங்கோ, கதைக்காதேங்கோ" என்று அனுப்பினார்கள். வாசலுக்கு வர, கிளினிக் பக்கமிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளை வந்தது. ஸல்ஹா. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் சாப்பிட்டபோது கண்டிருக்கிறேன்.

"இக்னேசு மாமா! பல்லுக்கா வந்த? வாப்பா சொன்னவர், இண்டைக்கு நீங்க இல்லையாம். முதலாளி அவசரப்படுத்துறாராம் எண்டு எங்கட வீட்டுக் குப்பி விளக்கைக் கொண்டு போனவர். கிணத்து விளக்கும் அந்த விளக்கும் ஒண்டுதான் எண்டு நீங்கதான் சொன்னயாமே."

குப்பி விளக்கு. தகரக் குப்பி, நூல் திரி, திறந்த சுடர். வலை இல்லை. கண்ணாடி இல்லை.

எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை என்று எழுத ஆசை. ஆனால் ஓடினேன். ஸல்ஹா பின்னால் நின்று "என்ன மாமா, என்ன?" என்று கத்தியது கேட்டது. வாயில் பஞ்சு, நான் என்ன சொல்ல? ஐயோ நான் என்ன சொல்ல அவளுக்கு! வாப்பா ஒரு பக்கம், புருசன் ஒரு பக்கம், ரெண்டு பேரும் அந்த இரும்புப் பெட்டிக்கு மேல நிக்கினம்!

கிணத்துக்குள்ள பெற்றோல் இல்லை. கிணத்துக்குள்ள விளக்கு விட்டா விளக்குத்தான் சாகும். தாங்கிக்குள்ள விட்டா? இதை ஏன் நான் அண்டைக்கே சொல்லயில்ல? வெயில் எண்டு சொல்லாம விட்டன். முறைச்சுப் பாக்கிறாங்கள் எண்டு சொல்லாம விட்டன். அதுபோலதான், அதுபோலதான் எண்டு சொல்லிக் கெட்டிக்காரன் ஆகப் பாத்தனான்.

ஜெட்டியில் எங்கள் தோணிக்காரன் முனாப் தோணியோடு நின்றான். பார்ஜைக் காட்டினேன். "என்ன அண்ணன், ரெத்தம் ஒழுகுது, ஆரும் அடிச்சதா?" என்று கேட்டுக்கொண்டே வலித்தான். அவன் வலித்தது எனக்குப் போதவில்லை, கையால் தண்ணீரைத் தள்ளினேன். தூரத்திலேயே தெரிந்தது, தாங்கியின் மூடியைத் திறந்துவிட்டிருந்தார்கள். பாயிஸ் வாய்க்குப் பக்கத்தில் கயிற்றோடு குந்தியிருந்தான். காக்காவைக் காணவில்லை. காற்றுக்கு ஒதுங்கிப் பின்பக்கம் போயிருக்கவேண்டும். நான் தளத்தில் ஏறவும், அவர் கொளுத்திய குப்பி விளக்கைக் கையால் மறைத்துக்கொண்டு, சுடரிலிருந்து கண்ணை எடுக்காமல் மெல்ல மெல்ல வாயை நோக்கி வந்துகொண்டிருந்தார்.

கத்தினேன். பஞ்சுக்குள்ளால் ஒரு முனகல்தான் வந்தது. பாயிஸ் என்னைப் பார்த்துக் கையாட்டினான்.

திரும்பித் தண்ணிக்குள் பாய்ந்திருந்தால் நான் தப்பியிருப்பேன். அந்த நினைப்பு வந்தது. பொய் சொல்ல மாட்டேன், வந்தது. பிறகு எப்படி அவரிடம் போய்ச் சேர்ந்தேன் என்று தெரியாது. சுடரோடு சேர்த்துக் குப்பியைப் பறித்துக் கடலில் எறிந்தேன். மண்ணெண்ணெய் உள்ளங்கையில் நின்று எரிந்தது. காக்கா நிலை தடுமாறி முழங்கால் அடிபட விழுந்தார்.

ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. எழுதிப் பார்க்கிறேன். ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை.

நடக்காத காரணத்தால் ஒருவரும் நம்பவும் இல்லை. பஞ்சைத் துப்பிவிட்டு, "வெடிச்சிருக்கும் காக்கா, வெடிச்சிருக்கும்" என்றேன். அவர் எழும்பி, சாரத்தைத் தட்டிக் கட்டினார். "வாப்பா காலத்திலேருந்து எத்தினை கிணறு இறங்கின நான். ஒரு விளக்கு வெடிச்சதைக் கண்டதில்ல. மருமகனுக்கு முன்னால என்னைத் தள்ளி விழுத்திட்டாய் தம்பி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் குத்துகிறது.

இன்று முதலாளி கூப்பிட்டார். ஒரு நாள் வேலை வீண், வயசாளியில் கை வைத்தது பிழை, இனி ஸ்டோரோடு நில், பொறுப்பை வேறு யாரிடமாவது கொடுக்கிறேன் என்கிறார். என்னை விடட்டும். எனக்குச் சந்தோசம்தான். ஆனால் நான் போனால் அடுத்த நாளே குப்பி விளக்குத்தானே? கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை. பூதத்தை வெளியே விட்டவன் நான், இனி நான்தான் பிடிக்கவேண்டும்.

நாளை வரைக்கும் தவணை கேட்டிருக்கிறேன்.

ஜூலை 15, வியாழன்

காலையில் முனாப்பைக் கொண்டு நாலாம் தாங்கியின் கசட்டில் ஒரு சிரட்டை அள்ளுவித்தேன். நீளக் கம்பில் கட்டி, வெளியிலிருந்து. அதை ஒரு பெரிய பிஸ்கற் தகரத்துக்குள் போட்டு மூடி, ஜெட்டிக்கு அங்காலே ஆளில்லாத மணலில் வெயிலில் வைத்தேன். மூடியில் ஆணியால் ஒரு ஓட்டை.

காக்கா வரமாட்டேன் என்றார். நான் கொடுத்த தேத்தண்ணியையும் தொடவில்லை. நான் அவருக்கு முன்னால் மணலில் குந்தினேன். "காக்கா, அண்டைக்கு நான் சொன்னது பிழை. ரெண்டு விளக்கும் ஒண்டில்ல. நான் அரைவாசிதான் சொன்னனான். மற்ற அரைவாசியை இண்டைக்குக் காட்டவிடுங்கோ. பாத்திட்டு என்னைச் செருப்பால அடியுங்கோ" என்றேன்.

தேத்தண்ணியை எடுத்து ஒரு வாய் குடித்தார். "காட்டு பாப்பம்."

எல்லாரையும் தள்ளி நிற்கச் சொன்னேன். முதலாளியும் வந்து நின்றார். நீளமான கமுக மரச் சிலாகையின் நுனியில் துணி சுற்றி, மண்ணெண்ணெயில் நனைத்துக் கொளுத்தினேன். என் கை ஆடிய ஆட்டத்தில் சுடர் கூத்தாடியது. பாயிஸ் "அண்ணன், நான் பிடிக்கவா?" என்றான். வேண்டாம் என்றேன். என் வாயால் வந்த வினை.

ஓட்டைக்குக் கிட்டக் கொண்டுபோனேன். தொடக்கூட இல்லை.

சத்தத்துக்கு ஜெட்டியில் இருந்த காகமெல்லாம் எழும்பிப் பறந்தன. மூடி எங்கே போனதென்று இன்னும் தெரியாது. தகரம் வயிறு பிளந்து கிடந்தது. நான் பின்பக்கமாக விழுந்து கிடந்தேன். என் புருவம் இரண்டும் இல்லை.

முதலாளி "யா அல்லாஹ்" என்றார்.

காக்கா பிளந்த தகரத்துக்குக் கிட்டப் போனார். காலால் புரட்டினார். பிறகு மணலில் அப்படியே இருந்துவிட்டார். "சிரட்டையால ஒரு அள்ளு" என்றார். பிறகு நாலாம் தாங்கி கிடந்த பக்கம் பார்த்தார். "பாயிஸ் வாயிலதானே குந்தியிருந்தான்."

"ஓம் காக்கா."

"அல்லாஹ்... என்ட கையாலயே மகள்ட தாலிய அறுக்கப் பாத்திட்டேனே." துடுப்புப் போன்ற கையால் முகத்தை மூடிக்கொண்டார். நான் பக்கத்தில் இருந்தேன். எனக்கும் அழுகை. பிடுங்கின பல் இருந்த இடத்தில் திரும்ப ரத்தம்.

"சொன்னது நான்தானே காக்கா" என்றேன்.

"நம்பினது நான்தானே" என்றார்.

வீட்டுக்கு வந்தபோது மாகிரட் என் முகத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். அடுப்புக் கரியைத் தொட்டுப் புருவம் கீறிவிட்டாள். நாளைக்கு இப்படியே வேலைக்குப் போகச் சொல்கிறாள்.

ஜூலை 16

முதலாளி ஒன்றும் நடக்காதது போல "இக்னேசு, எப்ப திறக்கலாம்?" என்று கேட்டார். நான் சொல்லுகிறபோது என்றேன். எப்படி வாயில் வந்ததோ தெரியாது.

ஜூலை 27

காக்கா இறங்குவதில்லை. ஏணியில் ஒரு கால் வைப்பார், பிறகு எடுத்துவிடுவார். பாழுங்கிணற்றுக்குள் கண்ணை மூடிக்கொண்டு இறங்கிய மனுசன். "உன்ட பயத்தில பாதிய என்ட தலையில கட்டிட்டாய் தம்பி" என்றார். பகிடியா, குறையா, விளங்கவில்லை. எனக்கு அதைக் கேட்கவும் பயம்.

ஆகஸ்ட் 4

பரிசோதகர் ஐயா வந்தார். நடந்ததெல்லாம் சொன்னேன், ஒன்றும் மறைக்கவில்லை. ஏசுவார் என்று பார்த்தேன். விளக்கின் வலையைத் தடவிப் பார்த்துவிட்டு, "நானும் உங்களிட்ட, அவையள் கிணத்துக்கு என்ன விளக்குப் பாவிக்கிறவை எண்டு கேக்கயில்லை" என்றார். இனி இரண்டு பேர் பழகவேண்டுமாம். ஒருவருக்கு வருத்தம், காய்ச்சல் வந்தால் மற்றவர். முதலாளி யாரைப் போட என்று யோசிக்க முன்னம் நான் காக்காவின் பெயரைச் சொன்னேன்.

"இறங்கப் பயப்பிடுற ஆளையா?" என்றார் முதலாளி.

"முந்தி ஐயா கேட்டதும் அப்பிடி ஆளைத்தானே" என்றேன். ஐயா சிரித்துவிட்டார்.

ஆகஸ்ட் 19

காக்கா விளக்குப் பழகுகிறார். என்னிலும் மோசம். நான் ஒரு தரம் விட்டுப் பார்ப்பதை மூன்று தரம் விட்டுப் பார்க்கிறார். சொந்த மருமகனின் வாயைத் திறக்கச் சொல்லிப் பீடி இருக்கிறதா என்று பார்க்கிறார். பாயிஸ், "ஒரு பயந்தாங்கொள்ளியோட பட்டது காணும், இப்ப ரெண்டு" என்று தலையில் அடித்துக்கொள்கிறான்.

ஆகஸ்ட் 31

முதல் பார்ஜ் முடிந்துவிட்டது. வெல்டிங் பிடிக்க முன்னம் தாங்கி சரியாகச் சுத்தமா என்று பொறுப்பாளே இறங்கிப் பார்த்துச் சொல்லவேண்டுமாம். பார்ஜுக்காரரின் நிபந்தனை. வாயில் நிற்கிறவன் இறங்கக்கூடாது என்ற சட்டத்தைச் சொல்லிப் பார்த்தேன். "வாயில ஆதம்பாவா நிக்கட்டும், அதுக்குத்தானே ரெண்டு பேர்" என்கிறார் முதலாளி. என் கையாலேயே எனக்குக் குழி.

வியாழக்கிழமை இறங்கவேண்டும். நான். உள்ளே.

செப்டெம்பர் 1

மாகிரட் பகிடி பண்ணவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

செப்டெம்பர் 2, வியாழன்

காலையில் மாதா கோயிலுக்குப் போனேன். மெழுகுதிரி கொளுத்த அங்கே இருந்த நெருப்புப் பெட்டி நமத்துப்போயிருந்தது. எதிர்க் கடையில் ஒன்று வாங்கி வந்து கொளுத்தினேன். முழங்காலில் நின்று கேட்டது ஒன்றுதான்: ஏறி வரவேண்டும்.

பார்ஜில் எல்லாரும் நின்றார்கள். காக்கா சாக்கைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு, குப்புறப் படுத்து விளக்கை விட்டார். எடுத்தார். திரும்ப விட்டார். கச்சான் ஓய்ந்துவிட்டது என்று பாயைத் திருப்பிக் கட்டச் சொன்னார். திரும்ப விட்டார். வெயில் ஏறிவிட்டது. இவ்வளவு நாளும் என்னை நம்பிக் காத்து நின்றவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று இன்றைக்குத்தான் விளங்கியது. ஏணியடியில் நிற்கிறவனுக்கு மேலே இருக்கிறவனுடைய கண்ணும் வாயும்தான். வேறொன்றுமில்லை.

நீலம் இல்லை. சுடர் நின்றது. இடுப்பில் கயிற்றைக் கட்டினார், இழுத்துப் பார்த்தார். நான் ஏணியில் கால் வைக்கப் போனேன்.

"நில்லு தம்பி. கையத் தூக்கு."

"காக்கா, நான்தானே..."

"கையத் தூக்கு."

தூக்கினேன். பாயிஸ் சிரித்தான். காக்கா என் இடுப்பைத் தடவினார். காற்சட்டைப் பைகளைத் தடவினார். பிறகு சட்டைப் பைக்குள் கையை விட்டார். விட்ட கை அப்படியே நின்றது.

மெல்ல வெளியே எடுத்தார். புது நெருப்புப் பெட்டி. ஒரேயொரு குச்சி எடுத்த பெட்டி.

பாயிஸின் சிரிப்பு நின்றுவிட்டது. "கோயில்ல மெழுகுதிரிக்கு வாங்கினது காக்கா" என்றேன். காக்கா ஏசவில்லை. பெட்டியை முனாப்பிடம் கொடுத்துக் கரைக்குக் கொண்டுபோகச் சொன்னார். தோணி ஜெட்டியைத் தொடும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு திரும்பவும் விளக்கை விட்டார். திரும்பவும் என் பைகளைத் தடவினார்.

"இப்ப இறங்கலாம்" என்றார்.

இறங்கினேன். இருட்டும் துரு மணமும். கால் எந்தப் படியில் என்று தெரியவில்லை. மேலே வட்டமான வெளிச்சத்துக்குள் அவருடைய தலை. நான் சுவரைத் தடவிக்கொண்டு போகப் போக, "தம்பி, இரிக்கிறியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "இரிக்கிறன் காக்கா" என்றேன். நூறு தரம் கேட்டிருப்பார். ஒரு தரமும் எனக்கு அலுக்கவில்லை.

தாங்கி சுத்தம். ஏறி வந்தேன்.

நெருப்புப் பெட்டிக் கதையை மாகிரட்டுக்கு இன்னும் சொல்லவில்லை, நாளைக்குச் சொல்வேன். ஸல்ஹாவுக்கு ஆண் குழந்தையாம், பின்னேரப் பாதையில் சொல்லியனுப்பினார்கள்.

அடுத்த பார்ஜ் திங்கட்கிழமை திறக்கிறோம். வாயில் நான் நிற்கிறேன். நான் தோணியில் ஏற முன்னம் காக்கா என் பையைப் பார்ப்பார். நான்தான் கேட்டுக்கொண்டேன்.